மடியும் மனச்சோர்வும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இம்முறை மனச்சோர்வு என்னும் நோயைப் பற்றியும் அதனைத் தீர்க்கும் வழிகளைப் பற்றியும் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தனர். நாம் மருத்துவர் அல்லோம். படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே சொல்ல இருக்கிறோம். எனினும் பழைய வழக்கத்தை ஒரேயடியாக விட்டுவிட மனம் ஒப்பாமையால் இலக்கியத்தில் ஒரு கால் ஊன்றிக்கொண்டே தொடங்குகிறோம்.

திருக்குறளின் பொருட்பாலில் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை, அடுத்தது மடியின்மை, அதனை அடுத்து ஆள்வினையுடைமை, அதன்பின் இடுக்கணழியாமை. இந்நான்கினுள் 'மடி' என்னும் சொல்லை இன்று கவனிக்க வேண்டும். மடி என்றால் சோம்பல். தமிழகத்தில் இப்பொருளில் இச்சொல்லைப் பேச்சில் கேட்பது அரிதாகிவிட்டது. மடி என்றதும் நமக்குத் தாயின் மடி நினைவுக்கு வரும். சிலர்க்கு வேட்டியின் மடி நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கழக்கூட்டத்தில் காலையில் எழாமல் படுத்திருக்கும் பிள்ளையைத் தாய் 'மடியன்' என்று ஏசுவதை நாள்தோறும் கேட்கலாம். நாம் நூலுக்குள் வைத்துப் பூட்டிய சொல்லை மலையாளத்தார் அடுக்களையில் வைத்து ஆண்டுகொண்டிருக்கின்றனர். பிழைப்புத் தேடி வந்த ஊரில் வள்ளுவர் சொல் நம்மை வரவேற்கிறது என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் இச்சொல்லை யார்மீது வீசுகிறோம் என்பதில்தான் இன்றைய பேச்சு முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஓர் இளைஞரை எண்ணிக்கொள்ளுங்கள். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்தவர், டெக்னோபார்க்கில் பணி. 1990இல் இப்பூங்கா தொடங்கிய நாள்முதல் இவரைப் போன்றோர் எத்தனையோ பேர் இவ்வூருக்கு வந்துவிட்டனர். நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தார். சில மாதங்களாக அவர் போக்கு மாறுகிறது. இரவில் உறக்கம் இல்லை. விடியற்காலையில் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. ஆயினும் ஒன்பது மணியானாலும் கட்டிலை விட்டு எழ முடிவதில்லை. துவைக்காத துணி குவிகிறது. வீட்டிலிருந்து அம்மா அழைத்தால் தொலைபேசியை எடுப்பதில்லை. பிறகு எடுக்காமல் விட்டதற்காகத் தம்மையே நொந்துகொள்கிறார். முன்பு உயிராய் இருந்த கிரிக்கெட்டும் இளையராஜா பாட்டும் இப்போது வெறும் ஓசை. உடன் தங்கியிருப்போர், 'தம்பிக்கு நல்ல சம்பளம் வந்துவிட்டது. சோம்பல் ஏறிவிட்டது' என்கின்றனர். ஊரில் தந்தையும் அதையே சொல்கிறார். கொடுமை யாதெனில், அந்த இளைஞரும் அதையே நம்புகிறார்.

இது மடியன்று, நோய். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எளியது. சோம்பல் உடையவன் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு ஓய்வை இனிதே நுகர்கிறான். உணவும் உறக்கமும் வேடிக்கையும் அவனுக்குச் சுவைக்கின்றன. மனச்சோர்வுற்றவர்க்கு வேலையும் கசக்கிறது, ஓய்வும் கசக்கிறது. சோம்பலை ஏசினால் சிலவேளை அது விலகக்கூடும். நோயை ஏசினால் நோயாளிக்குக் குற்ற உணர்வு மிகும். குற்ற உணர்வோ நோயின் அறிகுறிகளுள் ஒன்று. ஆகவே அவ்வேச்சு நோய்க்கு இரையாகிறது.

மருத்துவர்கள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றனர். மனம் தாழ்ந்து கிடத்தல், அல்லது எதிலும் விருப்பமின்மை: இவ்விரண்டில் ஒன்றேனும் இருக்க வேண்டும். அத்துடன் உறக்கம், பசி, உடல் வலிமை, கவனம் ஆகியவற்றில் மாறுதல், தான் பயனற்றவன் என்னும் எண்ணம், நடையும் பேச்சும் மந்தமாதல் அல்லது நிலைகொள்ளாமை, இறப்பைப் பற்றிய நினைவு ஆகியவற்றுள் சில சேர வேண்டும். மொத்தம் ஐந்து அறிகுறிகளேனும் இரண்டு வாரம் ஏறக்குறைய நாள் முழுதும் நீடித்தால் அது நோய் எனக் கொள்ளப்படும். தைராய்டு சுரப்புக் குறைந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் இதே போன்ற அயர்வு தோன்றலாம். ஆதலின் இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

இந்நோய் எங்கோ ஒருவர்க்கு வருவதும் அன்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015, 2016 ஆண்டுகளில் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. தமிழ்நாடும் கேரளமும் அவற்றுள் அடங்கும். வயது வந்தோரில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்று அது கண்டது. நோயுற்றோருள் எண்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் சிகிச்சை ஏதும் பெறவில்லை என்பதும் அதே கணக்கெடுப்பின் முடிவு. மற்றொரு கணக்கும் உண்டு. விழா நாளில் அதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் நூறாயிரம் பேர்க்கு 12.4 பேர் தற்கொலை செய்துகொண்டனர், தமிழ்நாட்டில் 25.9, கேரளத்தில் 28.5. பிறந்த மாநிலமும் வாழவந்த மாநிலமும் நாட்டின் சராசரியைப் போல் இருமடங்குக்கு மேல் நிற்கின்றன. ஒவ்வொரு தற்கொலைக்கும் மனச்சோர்வே காரணம் என்று சொல்ல மாட்டோம். கடன், குடி, குடும்பப் பூசல் எனப் பல உண்டு. ஆனால் சிகிச்சையால் தடுத்திருக்கக் கூடியவை அவற்றுள் பல என்பதில் ஐயமில்லை.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். மருந்து ஒரு வழி. 1957இல் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் என்னும் மருத்துவர் இமிப்பிரமின் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதைக் கண்டு எழுதினார். அன்று தொட்டு மருந்துகள் பல பெருகின. அவற்றைப் பற்றி நம்மவரிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. மாத்திரையை விழுங்கிய மறுநாளே குணம் தெரிய வேண்டும் என்பது ஒன்று. உண்மையில் இரண்டு முதல் நான்கு வாரம் பொறுக்க வேண்டும்; நலமடைந்த பின்னும் மருத்துவர் சொல்லும் காலம்வரை சில மாதங்கள் தொடர வேண்டும். மற்றொன்று, இவை போதைபோல் அடிமைப்படுத்தும் என்பது. தூக்க மாத்திரைகளையும் இவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் அச்சம் அது. திடீரென்று தாமே நிறுத்துவதுதான் கூடாது.

ஆனால் நாம் விரித்துப் பேச விரும்புவது மருந்தைப் பற்றி அன்று; பேச்சாலும் செயலாலும் நடைபெறும் சிகிச்சையைப் பற்றி. ஏனெனில் 'ஊக்கமே இல்லையே, என்ன செய்வேன்?' என்று கேட்போர்க்கு நேரான விடை அதில்தான் இருக்கிறது.

1970களில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லூயின்சன் என்னும் உளவியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். மனம் சோர்ந்தவர் செயல்களைக் கைவிடுகிறார். செயல் குறையவே வாழ்வில் இன்பம் தரும் தருணங்கள் குறைகின்றன. அவை குறையவே சோர்வு மேலும் பெருகுகிறது. செக்கில் கட்டிய மாடு போல் இவ்வட்டத்தில் அவர் சுழல்கிறார். அக்காலத்திலேயே பிலடெல்பியாவில் ஆரன் பெக், நோயாளியின் எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் முறையை வகுத்துக்கொண்டிருந்தார். அவர் முறையில் எண்ணத்தைத் திருத்துதல், செயலைத் தூண்டுதல் என இரு பகுதிகளும் உண்டு. 1996இல் வாசிங்டன் பல்கலைக்கழகத்தின் நீல் ஜேக்கப்சன் குழுவினர் ஒரு சோதனை செய்தனர். முழுமுறையை ஒரு சாரார்க்கும், செயல் தூண்டலை மட்டும் வேறொரு சாரார்க்கும் அளித்துப் பார்த்தனர். முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவு நலம் பெற்றிருந்தனர்! எண்ணத்தோடு வாதாடாமலே, செயலை மட்டும் பற்றிக்கொண்டு கரையேற முடியும் என்பது தெரிந்தது. இதனைச் செயல்தூண்டல் சிகிச்சை என்று நாம் அழைப்போம்.

இதன் உட்கருத்தைத் தமிழில் சொல்வது எளிது. வள்ளுவர் ஊக்கத்தை முன்வைத்து ஆள்வினையைப் பின்வைத்தார். நலமுள்ளோர்க்கு அதுவே இயல்பான வரிசை: முதலில் உள்ளத்தில் எழுச்சி, பின்பு முயற்சி. நோயுற்றவர்க்கு அவ்வரிசையைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. ஊக்கம் வரட்டும், பிறகு எழுவேன் என்று அவர் காத்திருந்தால் அது வருவதே இல்லை. சிறிதாய் ஒரு வினை முன்னே செல்ல வேண்டும். ஊக்கம் பின்னே தயங்கித் தயங்கி வரும்.

கேட்பதற்கு இது, 'எழுந்து வேலையைப் பார்' என்னும் பாட்டியின் அறிவுரை போலத் தோன்றும். அன்று. வேறுபாடு செய்முறையில் இருக்கிறது. முதல் வாரத்தில் நோயாளி ஒன்றையும் மாற்ற வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேட்டில் மணிதோறும் என்ன செய்தார், அப்போது மனம் எப்படி இருந்தது என்று பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பெண் இட்டு வருவார். எழுதியதை ஆலோசகரோடு சேர்ந்து பார்க்கும்போது சில செய்திகள் வெளிப்படும். நாள் முழுதும் ஒரேபடியாய் இருள் என்று எண்ணியவர், மாலையில் கீழ்த்தளத்துக் கடையில் தேநீர் அருந்திய பத்து நிமிடம் மட்டும் மூன்று என்பது ஐந்தாகியிருப்பதைக் காண்பார். படுத்துக்கொண்டே கைப்பேசியைத் தடவிய மூன்று மணி நேரம் ஓய்வு அன்று, மூன்று என்பதை ஒன்றாக்கிய நேரம் என்பதையும் காண்பார்.

பின்னர்த் திட்டம். அதுவும் மிகச் சிறிதாக. 'நாளை முதல் ஐந்து மணிக்கு எழுந்து ஓடுவேன்' என்பது திட்டமன்று. தோல்விக்கு விடுக்கும் அழைப்பு. 'காலை எட்டு மணிக்குச் சன்னலைத் திறப்பேன், முகம் கழுவுவேன், தெருமுனை வரை நடந்து ஒரு தேநீர் அருந்துவேன்' என்பது திட்டம். நாளும் நேரமும் இடமும் குறித்திருக்க வேண்டும். மனநிலை எப்படியிருப்பினும் செய்ய வேண்டும். மழை பெய்தால் என்ன செய்வது என்பதும் முன்னரே முடிவு செய்யப்பட வேண்டும். இவ்வூரில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் அல்லவா? துணி மலைபோல் குவிந்திருந்தால் இரண்டு சட்டையை மட்டும் துவைப்பது. தொலைபேசியில் அம்மாவிடம் இரண்டு நிமிடம் மட்டும் பேசுவது. மகிழ்ச்சி தரும் செயலும், முடித்தோம் என்னும் நிறைவு தரும் செயலும் கலந்திருக்க வேண்டும். முதல் சில நாள்களில் மகிழ்ச்சி வாராது. வாராது என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பாட்டியின் அறிவுரையில் இல்லாதது இதுவே: செய்யத் தவறினால் ஏசுவார் இல்லை. எது தடுத்தது என்று ஆராய்ந்து, படியைப் பாதியாகக் குறைத்து, மறுபடியும் முயல்கின்றனர். நெஞ்சை விட்டு அகலாமல் ஒன்றையே அசைபோடும் பழக்கமும் இம்முறையில் ஒரு செயலாகவே கருதப்படுகிறது. அது தொடங்கும் வேளையைக் கண்டு, அவ்வேளையில் கைக்கு வேறு வேலை கொடுக்கின்றனர்.

இதற்குப் பெரும் பட்டம் பெற்றவர் வேண்டுமா? இக்கேள்விக்கு நம் நாட்டிலேயே விடை கிடைத்தது. கோவாவில் 1996இல் தோன்றிய சங்காத் என்னும் தொண்டு நிறுவனத்தாரும், விக்ரம் பட்டேல் என்னும் மனநல மருத்துவரும், உடன் உழைத்தோரும் இம்முறையை எளிதாக்கினர். மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூரார் சிலர்க்குப் பயிற்சி தந்து, மேற்பார்வையும் வைத்து, பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஈடுபடுத்தினர். கடுமையான மனச்சோர்வு உடைய 495 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினர்க்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதியினர்க்கு அதனோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் அரைமணி அல்லது சற்றுக் கூடுதல். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பில் இருந்தோருள் 39 விழுக்காட்டினர் நோய் நீங்கியிருந்தனர். அமர்வுகள் பெற்றோருள் 64 விழுக்காட்டினர். 2017இல் லான்செட் இதழில் இம்முடிவுகள் அச்சேறின. எல்லாரும் குணமடைந்தனர் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த நேர்மையாலேயே நாம் அவர்களை நம்புகிறோம்.

நாம் வாழும் இம்மாநிலமும் வாளா இருக்கவில்லை. 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தின் வழியே ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்பாரோக்கிய கேந்திரங்களாக மாறி வந்தபோது, அங்கே 'ஆசுவாசம்' என்னும் பெயரில் மனச்சோர்வைக் கண்டறியும் திட்டம் ஒன்றும் வந்தது. காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் வருவோரிடமே பயிற்சி பெற்ற செவிலியர் சில வினாக்களைக் கேட்டு, தேவைப்படுவோரை மருத்துவரிடம் அனுப்புகின்றனர். மனநல மருத்துவமனையின் வாயிலை மிதிக்க வேண்டும் என்பதில்லை.

அந்த வாயில் எத்துணைப் பெரிய தடை என்பதை நாம் அறிவோம். சென்னைப் பக்கத்தில் ஒருவரை இகழ வேண்டுமானால் 'கீழ்ப்பாக்கத்துக்குப் போ' என்பார்கள். இங்கே 'ஊளம்பாறை' என்பார்கள். 1794இல் தோன்றிய ஒரு மருத்துவமனையும் 1870இல் தோன்றிய மற்றொன்றும் இத்தனை தலைமுறையினர்க்கு மருந்தளித்தும், அவ்விரண்டின் ஊர்ப்பெயர்களையும் நாம் வசைச்சொற்களாக்கி வைத்திருக்கிறோம். இது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் அந்நகைப்புக்கு அஞ்சித்தான் பலர் மருத்துவரைக் காணாதிருக்கின்றனர். அலுவலகத்தில் தெரிந்துவிடும் என்ற அச்சம் உடையோர்க்கு ஒன்று சொல்கிறோம்: 2018ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை மறைவாக வைத்துக்கொள்ளும் உரிமையை நோயாளிக்கு அளிக்கிறது. உடல்நோய்க்கு ஒப்ப மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அது விதிக்கிறது.

இனி, தமிழ்ச் சங்கம் என்ற முறையில் நம்மைத் தொடும் செய்தி மொழி. நமக்கு மலையாளம் தெரியும்; கடையில் பேசுகிறோம், அலுவலகத்தில் பேசுகிறோம். நோயைச் சொல்ல அது போதுமா? 'எதிலும் பிடிப்பு இல்லை', 'நெஞ்சு கனக்கிறது', 'மனசு விட்டுப்போச்சு' என்று தமிழில் ஒருவர் சொல்வது நோயின் நுட்பமான அறிகுறி. அதை வேற்று மொழியில் சொல்லப் புகுந்தால் 'தலைவலி, உறக்கம் இல்லை' என்று சுருங்கிவிடும். இரு மொழியும் உடன்பிறந்தவை என்பதே சிலவேளை இடராகும். மலையாளத்தார் 'விஷமம்' என்றால் மனவருத்தம். நாம் விஷமம் என்றால் குறும்பு. நோயாளியைப் பார்த்து 'விஷமம் உண்டோ?' என்று மருத்துவர் அன்போடு வினவ, நம்மவர் திகைத்து 'இல்லை' என்று தலையசைத்தால் என் செய்வது? அங்கே இந்நோயின் பெயர் விஷாதரோகம். தமிழிலோ நாளிதழ்கள் வேலைப்பளுவால் வரும் நெருக்கடியையும் இந்நோயையும் சேர்த்து 'மன அழுத்தம்' என்று ஒரே பெயரால் எழுதுகின்றன. நோய்க்கு மனச்சோர்வு என்னும் சொல்லையே நாம் ஆள்வது நன்று.

பொறியாளர்களை மட்டும் நினைந்து இதைச் சொல்லவில்லை. கணவர் பணிக்குச் சென்றபின் பதினோராம் மாடியில் பகலெல்லாம் பேச ஆளின்றி இருக்கும் மனைவிமார் உண்டு. கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்போர் உண்டு. அவர்கள் விழாவுக்குக்கூட வருவதில்லை, நாமும் அழைப்பதில்லை. 

ஆகவே செயற்குழுவின் முன் சில கருத்துகளை வைக்கிறோம். தமிழில் பேசக்கூடிய மனநல மருத்துவர், ஆலோசகர் ஆகியோர் திருவனந்தபுரத்தில் யாவர் என்று விசாரித்துப் பட்டியல் ஒன்று ஆக்குதல் முதல் வேலை. தொலைவில் இருந்தாலும் நாகர்கோவிலை விட்டுவிட வேண்டா. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவரிடம் தனியே செல்லக் கூசுவோர்க்குத் துணையாய்ச் செல்லவும், மொழி தடுக்குமிடத்தில் எடுத்துச் சொல்லவும், குறித்த நேரத்தில் வந்து கதவைத் தட்டி 'தேநீர் அருந்தப் போகலாமா அண்ணாச்சி?' என்று அழைக்கவும் உறுப்பினர் சிலர் முன்வர வேண்டும். சிகிச்சை செய்யும் வேலை நமக்கு வேண்டா. அதற்குப் பயிற்சியும் மேற்பார்வையும் வேண்டும் என்பதைக் கோவாவில் கண்டோம்.

துணை செல்வோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். 'உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?' என்று நேரே கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அது தவறு. பரிவோடு கேட்பது பாரத்தை இறக்குமே அன்றி ஏற்றாது. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பு, கேட்டுக்கொண்டிருத்தல் என்னும் இப்பணியையே தொண்டர்களைக்கொண்டு செய்து வருகிறது. ஆம் என்று விடை வந்தால் அவரைத் தனியே விடலாகாது. மருந்து, கயிறு போன்றவற்றை அருகிலிருந்து அகற்றிவிட்டு, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நள்ளிரவாயினும் 14416 என்னும் எண்ணை அழைக்கலாம். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் நடுவணரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவசப் பணி அது. தமிழிலும் பேசலாம். கேரள அரசின் திசா என்னும் உதவி எண் 1056.

துணை செல்ல விரும்புவோர் பெயர் எழுதுவதற்கு ஒரு குறிப்பேடு நூலக மேசைமீது வைக்கப்பட்டிருக்கிறது. உதவி வேண்டுவோர் அதில் பெயர் எழுத வேண்டுவதில்லை. நூலகரிடம் ஒரு சொல் சொன்னால் போதும். இரவுப் பணிக்குச் செல்வோரை எண்ணி ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் நூலகம் திறந்திருக்கும்.